ஹாம் டவர் காற்றில் நிற்பது எப்படி: புதியவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

ஹாம் ரேடியோ டவர் பற்றிப் பேச்சு வந்தால் சில வாக்கியங்கள் தப்பாமல் வந்துவிடும். “எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம்.” “நல்ல கனமான இரும்பாப் போட்டுட்டா அசையாது.” “டவர் வச்சா இடியை இழுக்கும்.” ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்தக் கொஞ்சத்தை மட்டும் நம்பி வேலையில் இறங்குகிறவர்கள் தேவையில்லாத உயரத்துக்குப் பணத்தைப் போடுகிறார்கள். டவரைத் தரையோடு இழுத்துக் கட்டும் ஸ்டே கம்பியிலும், எர்த்திலும் மிச்சம் பிடிக்கிறார்கள்; அவசியமானவை அவைதான்.

கன்னியாகுமரி மாவட்டத்திலும், களியக்காவிளையைத் தாண்டித் திருவனந்தபுரம் பக்கத்திலும் புதிதாக உரிமம் எடுக்கிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். நம்முடையது காற்றடிக்கும் ஊர். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனி, ஆடியில் பாய்கிற காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் இங்கே ரப்பர் மரங்களையும் வாழைகளையும் மின்கம்பங்களையும் ஆயிரக்கணக்கில் சாய்த்ததைப் பார்த்தவர்கள் நாம். ஆகவே டவர் என்றதும் இங்கே முதலில் கேட்க வேண்டியது, காற்றை அது எப்படிச் சமாளிக்கும் என்பதைத்தான்.

டவர் வேறு, ஆண்டெனா வேறு

ஹாம் என்பவர், அரசு நடத்தும் தேர்வு எழுதி உரிமம் பெற்று, வணிக நோக்கமில்லாமல் சொந்த ரேடியோ நிலையம் நடத்துகிறவர். இந்தியாவில் இந்த உரிமத்தை மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் திட்ட ஒருங்கிணைப்புப் பிரிவு கொடுக்கிறது. வி.யு.2, வி.யு.3 என்று தொடங்கும் அழைப்புக் குறிகள் அப்படி வந்தவைதான்.

அவருடைய நிலையத்தில் அலையை வெளியே விடுவதும் வாங்குவதும் ஆண்டெனா. பெரும்பாலும் அது அலுமினியக் குழாய்களால் ஆனதாக இருக்கும், அல்லது நீளமான ஒரு செம்புக் கம்பியாக இருக்கும். டவரின் வேலை அதைத் தூக்கிப் பிடிப்பது மட்டும்தான். செல்போன் டவரைப் பார்த்துப் பழகிவிட்டதால், இரும்புக் கூடு முழுவதும் அலை வீசுகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் நினைப்பதுண்டு. அவர்களுக்கு இந்த வேறுபாட்டை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

முக்கோண வடிவில் மூன்று குழாய்களை நிறுத்தி, இடையில் குறுக்குக் கம்பிகள் பற்றவைத்த கூடுதான் நம் பக்கத்தில் அதிகம் பயன்படும் டவர். 3 மீட்டர் நீளத் துண்டுகளாகச் செய்து ஒன்றின் மேல் ஒன்றாக போல்ட் போட்டு ஏற்றுவார்கள். ஒற்றை ஜி.ஐ. குழாயை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை, நிறுத்தினால் அது மாஸ்ட். டவரின் உச்சியிலிருந்து மேலே நீட்டி, ஆண்டெனாவைப் பிடித்திருக்கும் குழாய்க்கும் அதே பெயர்தான்.

எவ்வளவு உயரம் போதும்?

இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. எந்த அலைவரிசையில் பேசப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டு பதில்கள் உண்டு.

முதலாவது, 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள 2 மீட்டர் வரிசை. கைக்கருவி வைத்திருக்கும் பெரும்பாலோர் பேசுவது இதில்தான். இந்த அலை ஏறத்தாழ நேர்கோட்டில் போகும், பூமியோ வளைந்திருக்கிறது. அதனால் ஆண்டெனா எவ்வளவு தூரம் வரை ‘பார்க்கும்’ என்பதற்கு ஓர் எல்லை வருகிறது. அதை ரேடியோ தொடுவானம் என்பார்கள். ஆண்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் அந்த எல்லை கிலோமீட்டரில் கிடைக்கும். 9 மீட்டருக்கு 12 கி.மீ. சொச்சம். 16 மீட்டருக்குப் பதினாறரை. 36 மீட்டர் போனால்தான் 25 கி.மீ. வரும். தூரம் இரட்டிப்பாக வேண்டுமென்றால் உயரம் நான்கு மடங்காக வேண்டும் என்பதைக் கவனியுங்கள். எதிர்முனையில் இருப்பவரின் தொடுவானத்தையும் இதோடு கூட்டிக்கொள்ளலாம். ஆளுக்கு 9 மீட்டர் உயரத்தில் ஆண்டெனா வைத்த இருவர், இடையில் மலை இல்லாவிட்டால், சுமார் 25 கி.மீ. இடைவெளியில் சுகமாகப் பேசலாம். கொஞ்சம் தாண்டியும் கேட்கும்.

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் சாலை வழியே 70 கி.மீ. அளவில் இருக்கிறது, நடுவே வேளிமலை வேறு. வீட்டு டவரை இன்னும் 6 மீட்டர் உயர்த்தி இதைத் தாண்டிவிட முடியாது. அதற்கு மலைமேல் இருக்கும் ரிப்பீட்டர்தான் வழி. ஓர் அலைவரிசையில் கேட்டதை அப்போதே இன்னோர் அலைவரிசையில் திருப்பிச் சொல்லும் தானியங்கி நிலையம்தான் ரிப்பீட்டர். மலை தரும் உயரத்தோடு இரும்பு போட்டி போட வேண்டியதில்லை.

இரண்டாவது, 7, 14 மெகாஹெர்ட்ஸ் போன்ற குறைந்த அதிர்வெண்கள். இவை வானத்தின் மேலடுக்கான அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பி வருவதால் தொடுவானத்தைத் தாண்டிப் போகும். இங்கே உயரத்தை மீட்டரில் மட்டும் பார்த்தால் போதாது, அலைநீளத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அலையின் ஒரு முழுச் சுழற்சிக்கான நீளமே அலைநீளம்: 7.1 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 42 மீட்டர், 14.2 க்குச் சுமார் 21 மீட்டர். தரைக்கு இணையாகக் கட்டிய ஆண்டெனா கால் அலைநீள உயரத்தில் இருந்தால், அதன் வலிமையில் பெரும்பகுதி நேர் மேலே போகும். அரை அலைநீள உயரத்தில் இருந்தால் கிட்டத்தட்ட 30 பாகைச் சாய்வில் வெளியே போகும். நேர் மேலே போவது திரும்பி வந்து சில நூறு கிலோமீட்டருக்குள் விழும். சாய்ந்து போவதுதான் தூர தேசங்களுக்குப் போய்ச் சேரும்.

இதிலிருந்து ஒரு நல்ல செய்தி கிடைக்கிறது. 7 மெகாஹெர்ட்ஸில் கொச்சி, சென்னை, பெங்களூரு நண்பர்களோடு காலை நேரம் பேசுவதுதான் உங்கள் ஆசை என்றால் டவரே வேண்டாம். இரண்டு தென்னைகளுக்கு நடுவே 10 மீட்டர் உயரத்தில் ஒரு டைபோல் போதும். நடுவில் கேபிள் இணைத்து இரு பக்கமும் சமமாக நீட்டிய கம்பிதான் டைபோல். 143 ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அதன் மொத்த நீளம் மீட்டரில் வரும். 7.1 க்கு 20 மீட்டர். தென்னை ஆடும் என்பதால் ஒரு முனையைக் கப்பி வழியாக விட்டு, நுனியில் ஒரு எடையைத் தொங்கவிடுங்கள். மரம் ஆடும்போது எடை ஏறி இறங்கும், கம்பி அறாது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: 2 மீட்டர் வரிசைக்கு 9 முதல் 12 மீட்டர் வரை போடுவது நியாயமான செலவு. 14 மெகாஹெர்ட்ஸுக்கும் அதற்கு மேலும், திசை திருப்பும் ஆண்டெனாவுக்கு 12 மீட்டர் மிக நல்ல உயரம். அதற்கு மேலே ஒவ்வொரு மீட்டருக்கும் பலன் குறையும், ஆபத்து கூடும்.

ஏத்தன் வாழை ஏன் சாய்கிறது

இனி வருவதுதான் இந்தக் கட்டுரையின் உயிர்.

குலை தள்ளிய ஏத்தன் வாழையை நினைத்துக்கொள்ளுங்கள். காற்றில்லாத நாளில் அந்தக் குலையைத் தாங்கிக்கொண்டு நிற்கும். மாலையில் ஒரு வீச்சு அடித்ததும் அடியோடு சாய்கிறது. குலையின் எடை கூடிவிடவில்லை. அகன்ற இலைகள் உச்சியில் காற்றைப் பிடிக்கின்றன, அந்தப் பிடி அடித்தண்டை நெம்புகிறது. விவசாயி என்ன செய்கிறார்? தண்டை இன்னும் பருமனாக்க அவரால் முடியாது. உச்சிக்குக் கொஞ்சம் கீழே கயிறு கட்டி, விலகிய இடத்தில் முளைக்குச்சி அடித்து இழுத்துக் கட்டுகிறார். டவர் கட்டும் கலையின் பெரும்பகுதி இதற்குள் இருக்கிறது.

எண்களில் பார்க்கலாம். கட்டுமானங்கள் எவ்வளவு காற்றைத் தாங்க வேண்டும் என்பதற்கு ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரத்தின் மூன்றாம் பகுதி ஒரு வரைபடம் தருகிறது. திருவனந்தபுரத்துக்கு அது சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கி.மீ. சென்னைக்கு 50 மீட்டர். வேகத்தை வேகத்தாலேயே பெருக்கி, அதை 0.6 ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரில் விழும் அழுத்தம் நியூட்டனில் வரும். 39 மீட்டருக்கு அது 912. எடையாகச் சொன்னால் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 93 கிலோ. வேகம் பாதியானால் அழுத்தம் கால்வாசியாகக் குறையும். அதனால்தான் பல வருடக் காற்றுக்கு அசையாமல் நின்ற டவர் ஒரே ஒரு புயலில் போய்விடுகிறது. “இத்தனை நாள் நின்னுச்சே” என்பது இந்த விஷயத்தில் எதையும் நிரூபிப்பதில்லை.

14 மெகாஹெர்ட்ஸுக்கும் மேலே உள்ள வரிசைகளுக்கும் சேர்த்துச் செய்த ஒரு சின்ன பீம் ஆண்டெனா காற்றுக்குக் காட்டும் பரப்பு அரை சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எடை 15 கிலோ. பீம் என்றால் ஒரு திசையில் அதிக வலிமையோடு அனுப்பும் ஆண்டெனா. புயல் காற்றில் இதன்மேல் பக்கவாட்டில் விழும் விசை 46 கிலோ. அது 12 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 46 கிலோவை 12 மீட்டரால் பெருக்கினால் சுமார் 550 வருகிறது. விசையை நெம்பும் தூரத்தால் பெருக்கிய இந்த எண்ணுக்குத் திருப்புத்திறன் என்று பெயர். டவரை அடியில் முறிக்கப் பார்ப்பது இதுதான்.

கால்களுக்கு இடையே 30 செ.மீ. அகலமுள்ள முக்கோண டவர் எந்தக் கம்பியும் இல்லாமல் தனியாக நின்றால், இந்த 550 ஐ அந்தச் சின்ன அகலத்திலேயே எதிர்க்க வேண்டும். அப்போது அடியில் ஒரு காலில் 2 டன்னுக்கு மேல் இழுவை வரும். 15 கிலோ ஆண்டெனாவிலிருந்து வந்த 2 டன். இத்தனைக்கும் டவர் கூட்டின்மேல் நேரடியாக விழும் காற்றை இதில் நாம் சேர்க்கவே இல்லை. அது பல சமயம் ஆண்டெனாவில் விழுவதைவிட அதிகம்.

சரி, அதே டவரின் உச்சியில் ஸ்டே கட்டுவோம். கம்பியின் மறுமுனை டவரின் அடியிலிருந்து 8.4 மீட்டர் தள்ளித் தரையில் இருக்கட்டும். அந்த 46 கிலோவைத் தாங்க, கம்பியில் வரும் கூடுதல் இழுவை வெறும் 80 கிலோ. டவரின்மேல் கீழ்நோக்கிக் கூடும் அழுத்தம் 66 கிலோ. 2 டன் பிரச்சினை 80 கிலோ பிரச்சினையாகிவிட்டது. “கனமான இரும்பு” என்ற பேச்சு எங்கே தவறுகிறது என்பது இப்போது தெரிந்திருக்கும். டவரின் வலிமையில் பெரும் பங்கு டவருக்கு வெளியே, தோட்டத்தில் பதித்த அந்த மூன்று புள்ளிகளில் இருக்கிறது.

ஸ்டே கம்பியைக் கட்டும் முறை

மூன்று திசை, ஒவ்வொன்றுக்கும் இடையில் 120 பாகை. அடியிலிருந்து நங்கூரம் வரை, அதாவது கம்பியைத் தரையில் பிடித்திருக்கும் இடம் வரை, உள்ள தூரம் டவர் உயரத்தில் 60 முதல் 80 சதவீதம் இருப்பது நல்லது. மனை சிறியது என்று 3 மீட்டரிலேயே முளையடித்தால் என்ன ஆகும்? மேலே சொன்ன அதே காற்றுக்குக் கம்பியின் இழுவை 80 லிருந்து 190 கிலோவாகும். கீழ்நோக்கிய அழுத்தமும் 66 லிருந்து 180 ஐத் தாண்டும். இடம் இல்லையென்றால் உயரத்தைக் குறையுங்கள். கோணத்தைக் குறுக்காதீர்கள்.

12 மீட்டர் டவருக்கு இரண்டு அடுக்கு ஸ்டே வேண்டும். ஒன்று உச்சிக்குச் சற்றுக் கீழே, மற்றொன்று நடுவில். உச்சியில் மட்டும் கட்டினால், மேலிருந்து வரும் அழுத்தத்தில் ஒல்லியான கூடு நடுவில் வளைந்துவிடக்கூடும்.

கம்பிக்கு மின்வாரியக் கம்பங்களில் பயன்படுத்தும் ஏழு இழை ஜி.ஐ. ஸ்டே ஒயரே ஏற்றது. ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். துணி காயப்போடும் பிளாஸ்டிக் கயிறு வெயிலில் பொடிந்துவிடும், அதை டவர் பக்கம் கொண்டுவர வேண்டாம். கம்பியின் நடுவே வரும் பீங்கான் முட்டை இன்சுலேட்டரையும் மின்கம்பங்களில் பார்த்திருப்பீர்கள். இரண்டு கம்பிகளின் வளையங்களும் அதற்குள் ஒன்றோடொன்று கோத்தபடி போகும். அதனால் பீங்கான் உடைந்தாலும் ஸ்டே அறுந்து விழாது. நமக்கு அது வேறொரு வேலையும் செய்கிறது. நீளமான இரும்புக் கம்பி தானே ஓர் ஆண்டெனா மாதிரி நடந்து, பீமின் திசையைக் குழப்பாதபடி அதைத் துண்டுகளாகப் பிரிக்கிறது.

கம்பியை வளைத்து முனையைப் பிடிக்க யு வடிவ கிளாம்ப் போடுவார்கள். அதில் தட்டையான சேணப் பகுதி, இழுவை தாங்கும் நீளக் கம்பியின் பக்கம் வர வேண்டும். வளைந்த யு, வெட்டிய குட்டை முனையின் பக்கம். மாற்றிப் போட்டால் யு நல்ல கம்பியை நசுக்கி அங்கேயே பலவீனமாக்கும். ஒரு முனைக்கு மூன்று கிளாம்ப் போடுங்கள். இந்தச் சின்ன விஷயத்தைப் பல இடங்களில் தலைகீழாகப் பார்க்கிறேன். சரியாகப் போடுவதற்குக் கூடுதலாக ஒரு ரூபாய்கூட ஆகாது.

கம்பியை முறுக்கி இறுக்க உதவும் திருகுச் சட்டம் டர்ன்பக்கிள். காற்றின் அதிர்வில் அது தானாகவே கழன்றுகொண்டே போகும். அதன் உடல் வழியாக ஒரு துண்டுக் கம்பியைக் கோத்து, சுழல முடியாதபடி பூட்டிவிடுங்கள். கம்பி எவ்வளவு இறுக்கம் இருக்க வேண்டும்? அறும் அளவில் பத்தில் ஒரு பங்கு என்பது பொது விதி. தொய்வாக விட்டால் டவர் ஆடி, நின்று, மறுபடி ஆடும்போது வெட்டி இழுக்கும். அளவுக்கு மேல் இறுக்கினால் டவரைச் சும்மாவே கீழே அமுக்கிக்கொண்டிருக்கும்.

தென்னையில் டைபோல் கட்டலாம் என்றேன். டவரின் ஸ்டேயைத் தென்னையில் கட்டக் கூடாது. மரம் தன் போக்கில் ஆடும், டவரையும் சேர்த்து இழுக்கும்.

மொட்டைமாடியில் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கைப்பிடிச் சுவர் பெரும்பாலும் நாலரை அங்குலச் செங்கல் சுவர், உள்ளே கம்பி இருக்காது. அதில் ஸ்டே கட்டினால் புயலில் சுவரோடு கீழே வரும். காங்கிரீட் தூணிலோ உத்திரத்திலோ பதித்த கொக்கியில்தான் கட்ட வேண்டும். ஓட்டு வீட்டுக் கூரையில் இந்த வேலையே வேண்டாம், தோட்டத்துக்குப் போய்விடுங்கள்.

நினைவில் நிறுத்த வேண்டியவை: மூன்று திசை, அகன்ற கால்வைப்பு, சரியான பக்கம் கிளாம்ப், பூட்டிய டர்ன்பக்கிள்.

மண்ணுக்குள் என்ன இருக்க வேண்டும்

ஸ்டே கட்டிய டவரின் அடித்தளத்துக்குப் பெரும்பாலும் கீழ்நோக்கிய அழுத்தம்தான் வரும். ஆகவே நல்ல செம்மண்ணில் அடக்கமான ஒரு காங்கிரீட் பீடம் போதும். ஸ்டே இல்லாமல் தானாக நிற்கும் டவருக்குக் கதை வேறு. சாய்க்கப் பார்க்கும் திருப்புத்திறன் முழுவதையும் அடித்தளத்தின் எடைதான் எதிர்க்க வேண்டும். நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒன்றரை மீட்டர் உள்ள காங்கிரீட் கட்டி 8 டன் எடை வரும். அப்படியான குழியை யாரும் பெருமைக்காகத் தோண்டுவதில்லை. தானாக நிற்கும் டவருக்கு அளவை ஒரு கட்டடப் பொறியாளரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். வயல் நிரப்பிய மனையிலும் குளச்சல் பக்கத்து மணலிலும் அந்த ஆலோசனை இரண்டு மடங்கு அவசியம்.

ஸ்டேயின் நங்கூரம் என்பது மண்ணுக்குள் புதைத்த காங்கிரீட் கட்டியும், அதிலிருந்து வெளியே நீளும் ஸ்டே ராடும். ராடு கம்பியின் அதே சாய்வில் வெளியே வர வேண்டும். செங்குத்தாக நட்டால் ஒவ்வொரு வீச்சுக்கும் வளைந்து மண்ணைக் கிளறிவிடும்.

காங்கிரீட் போட்ட மறுவாரமே டவரை ஏற்ற எல்லோருக்கும் கை பரபரக்கும். முழு வலிமை வர 28 நாள் ஆகும். அதுவரை முதல் வாரங்களில் தண்ணீர் ஊற்றி ஈரமாக வைத்திருங்கள். குழாய்க் கால்களைப் பதிக்கும்போது அடியில் ஜல்லிப் படுகை விட்டு, உள்ளே இறங்கும் மழைநீர் வடியும்படி செய்யுங்கள். தண்ணீர் தேங்கிய குழாய் உள்ளிருந்து துருப்பிடிக்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

மேலே ஏற்றும் சாமான்கள்

பீமைத் திருப்பும் மோட்டார் ரோட்டேட்டர். அதை டவரின் உச்சிக்கு வெளியே வைக்காமல் கூட்டுக்குள் கொஞ்சம் கீழே வைத்து, மாஸ்டை மேல் தட்டிலுள்ள வளையம் வழியாக விடுங்கள். அப்போது பக்கவாட்டு விசையை டவர் தாங்கும், மோட்டார் திருப்பும் வேலையை மட்டும் செய்யும்.

கேபிளில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். கோஆக்ஸ் கேபிள் என்பது நடுவில் ஒரு கம்பியும் அதைச் சுற்றி வலையும் உள்ள கேபிள். அலை அதில் போகும்போது கொஞ்சம் வெப்பமாகி வீணாகும். மெல்லிய ஆர்.ஜி. 58 கேபிளில் 30 மீட்டர் போனால், 145 மெகாஹெர்ட்ஸில் கால்வாசி சக்திதான் ஆண்டெனாவைச் சேரும். தடித்த ஆர்.ஜி. 213 இல் பாதிக்கு மேல் சேரும். 7 மெகாஹெர்ட்ஸில் மெல்லியதுகூட முக்கால் பங்கைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். உயரத்தைக் கூட்டினால் கேபிளும் நீளும் என்பதை மறந்துவிடக் கூடாது. 2 மீட்டர் வரிசைக்கு டவரில் மிச்சம் பிடித்தாவது நல்ல கேபிள் வாங்குங்கள்.

இணைப்பு முனைகளில் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றி, மேலே சாதாரண டேப் போடுங்கள். கேபிள் வீட்டுக்குள் நுழையுமுன் கீழே ஒரு வளைவு விட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

இடி: எது பயம், எது உண்மை

சித்திரை, வைகாசி மாலைகளிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் மலையடிவாரத்தில் இடி எப்படி வெட்டும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. தொலைவில் எங்கோ விழ இருந்த மின்னலை டவர் அழைத்து வருவதில்லை. ஆனால் அந்த இடத்துக்கே இறங்க வந்த மின்னல், சுற்றிலும் உயரமானதைத்தான் பெரும்பாலும் பிடிக்கும். அது தென்னையாக இருக்கலாம், டவராக இருக்கலாம். ஆகவே டவரில் விழும் என்று வைத்துக்கொண்டே திட்டமிட வேண்டும்.

மின்னலின் உச்ச மின்னோட்டம் பல ஆயிரம் ஆம்பியர். முப்பதாயிரம் என்பது சாதாரணம். அது மைக்ரோ வினாடிகளில் ஏறுவதால், வளைந்து நெளிந்து போகும் மெல்லிய கம்பியில் போக மறுத்துப் பக்கத்தில் தாவும். அதனால் டவரின் ஒவ்வொரு காலிலிருந்தும் அகலமான பட்டை நேராக இறங்கி எர்த் ராடுக்குப் போகட்டும். இரண்டரை மீட்டர் நீளமாவது உள்ள ராடுகளை, ஒன்றுக்கொன்று குறைந்தது அந்த நீளத்துக்கு விலக்கி அடியுங்கள். நெருக்கி அடித்தால் இரண்டும் ஒரே மண்ணில் பங்கு கேட்கும், பலன் குறையும். செம்புப் பட்டையை ஜி.ஐ. காலில் நேராகத் தொடவிடாமல் இடையில் துருப்பிடிக்காத எஃகுத் தகடு வையுங்கள். கடற்காற்றில் செம்பு துத்தநாகப் பூச்சைத் தின்றுவிடும்.

இப்போது மிகப் பரவலான தவறுக்கு வருவோம். “டவருக்குத் தனி எர்த், வீட்டுக்குத் தனி எர்த், ரெண்டும் சேரக் கூடாது” என்று வயரிங் செய்பவர்களே சொல்வதுண்டு. மின்னல் விழும் கணத்தில் டவரின் எர்த் பல ஆயிரம் வோல்ட் உயர்கிறது, வீட்டு எர்த் உயரவில்லை. இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஒரே பாலம் கோஆக்ஸ் கேபிளும் உங்கள் ரேடியோவும்தான். மின்னோட்டம் அந்த வழியாகவே பாய்ந்து மின்சார பிளக் வழியே வெளியேறும். இரண்டு எர்த்தையும் மண்ணுக்குள்ளேயே தடித்த பட்டையால் இணைத்துவிட்டால் இரண்டும் சேர்ந்து உயரும், சேர்ந்து தாழும். நடுவில் இருக்கும் கருவிக்கு வேறுபாடு பெரிதாகத் தெரியாது. இதற்குச் சமமின்னழுத்தப் பிணைப்பு என்று பெயர். கேபிளின் வெளி வலையை டவரின் அடியிலும், வீட்டுக்குள் நுழையும் இடத்திலும் எர்த்தோடு சேர்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

இவ்வளவும் செய்த பிறகும், மேகம் கருக்கும் முன்பே கேபிளை வீட்டுக்கு வெளியே கழற்றிவிடுங்கள், மின்சார பிளக்கையும் உருவிவிடுங்கள். புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ‘தாமினி’ செயலி அருகில் மின்னல் வருவதை முன்கூட்டிச் சொல்லும். இடி கேட்கத் தொடங்கிய பிறகு கேபிளைத் தொடப் போகாதீர்கள். ரேடியோவை வேறு வாங்கிக்கொள்ளலாம்.

ஏற்றும் நாளில்

எல்லாவற்றையும்விட முதலில் பார்க்க வேண்டியது மின்கம்பி. நம் தென்னந்தோப்புகளின் நடுவே உறையில்லாத 11 கே.வி. கம்பிகள் போகின்றன. ஜி.ஐ. குழாயைத் தூக்கும்போது அது கொஞ்சம் சரிந்து ஒயரில் பட்டால் பிடித்திருக்கும் அத்தனை பேரும் போய்விடுவார்கள். டவரும் ஆண்டெனாவும் சேர்ந்து எந்தப் பக்கம் முழுதாக விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத இடமாகப் பாருங்கள். மொத்த உயரத்தின் ஒன்றரை மடங்கு விலகியிருந்தால் நிம்மதி. அப்படி இடம் இல்லையென்றால் அந்த மனையில் டவர் இல்லை. இதில் பேரத்துக்கு இடமே கிடையாது. விமான நிலையத்தைச் சுற்றியுள்ள பகுதிகளில் உயரத்துக்கு வரம்பு இருப்பதால் அனுமதியையும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

முதல் டவர் போடுகிறவர்களுக்கு என் விருப்பம், அடியில் கீல் வைத்துச் சாய்த்து நிமிர்த்தும் 9 மீட்டர் டவர். ஆண்டெனா வேலை முழுவதும் தரையிலேயே முடிந்துவிடும், யாரும் ஏற வேண்டியதில்லை. ஆனால் படுத்திருக்கும் டவரைத் தூக்கும் முதல் தருணத்தில்தான் கயிற்றில் இழுவை மிக அதிகம். அடியில் செங்குத்தாக ஒரு துணைக்கம்பம் நிறுத்தி, அதன் உச்சி வழியாகக் கயிற்றை விட்டு இழுத்தால் அது வெகுவாகக் குறையும்.

ஏறியே ஆக வேண்டும் என்றால் உடம்பு முழுவதையும் பிடிக்கும் பாதுகாப்பு வாரும் இரண்டு கொக்கிக் கயிறுகளும் வேண்டும். ஒன்றை மாட்டிய பிறகே மற்றதைக் கழற்ற வேண்டும். இடுப்பில் மட்டும் கட்டும் பழைய பெல்ட் போதாது. கீழே நிற்பவர்கள் தலைக்கவசம் போட்டு டவரை விட்டு விலகி நிற்கட்டும். கட்டளை ஒருவர் வாயிலிருந்து மட்டும் வரட்டும். ஸ்டே மாற்றுவதானால் தற்காலிகக் கயிறு கட்டிய பிறகே பழையதைத் தொட வேண்டும், அதுவும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான்.

வருடத்துக்கு இருமுறை

இடவப்பாதி மழைக்கு முன்பும் ஐப்பசி மழைக்கு முன்பும் ஒரு சுற்று பாருங்கள். டர்ன்பக்கிளின் பூட்டுக்கம்பி இருக்கிறதா, கிளாம்பு நட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா, மூன்று திசைக் கம்பிகளும் ஒரே இறுக்கத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க அரைமணி நேரம் போதும். ஸ்டே ராடு மண்ணுக்குள் நுழையும் இடத்தில் ஒரு சாண் ஆழம் மண்ணை விலக்கிப் பார்க்க மறக்காதீர்கள். ஈரமும் காற்றும் சேரும் அந்த இடத்தில்தான் துரு முதலில் தின்னும், மேலே பளபளவென்று இருக்கும்போதே. ராடு மெலிந்திருந்தால் புதியது பதித்துக் காங்கிரீட் முழுதாக இறுகும்வரை ஆண்டெனாவைக் கீழே இறக்கி வையுங்கள்.